மதகுக் காவலருக்கு மாற்று ஆள்

மார்ச் 2
கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

கரையை விட்டு ஆறு நாள் ஆகிறது. இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. காதை அடைத்துக்கொண்டு கீழே இறங்கினால் நான்கு மணி நேரத்துக்கு நான் நினைப்பதே எனக்குக் கேட்பதில்லை. இணையம் கிடையாது. கேப்டன் அறைக் கணினியில் கடிதம் எழுதி வைத்தால் வாரத்தில் இரண்டு நாள் எழுத்தை மட்டும் அனுப்புகிறார்கள். ஏழு மாதத்துக்கு இதுதான்.

இரண்டு மாதம் கழித்து ஏறினால் போதும் என்றவர்கள் திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள். கணினி ஆட்டத்தில் நான் நடத்த இருந்த பயணம் அந்தரத்தில் நிற்கிறது. அதை நீதான் நடத்த வேண்டும். மாட்டேன் என்று சொல்லாதே.

நீ 'கழிமுகம்' ஆட்டத்தில் ஒரு வருஷமாக மீன் விற்றுக்கொண்டிருக்கிறாய். விற்பது வேறு, நடத்துவது வேறு. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் படம் கிடையாது. ஊரும் ஆறும் சந்தையும் வெறும் எழுத்து. ஒவ்வொருவரும் தன் ஆள் செய்வதையும் பேசுவதையும் தட்டுகிறார். அதே இடத்தில் இருப்பவர்கள் திரையில் அது ஓடுகிறது. தட்டியது நடந்தது. திரும்ப அழிக்க முடியாது. செத்த ஆள் செத்ததுதான். வழக்கமாகக் கதைகளை நடத்துவது ஆட்டத்தைக் கட்டிய மூவர். ஆட்டக்காரர்களே ஒரு கதையை, அதாவது ஒரு பயணத்தை, நடத்த இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். பத்துப் பேராவது கடைசி வரை நிற்க வேண்டும். இல்லையென்றால் இனி யாருக்கும் அனுமதி இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

திட்டம் உன் கணினியிலேயே இருக்கிறது, ஒன்பது பக்கம். நூறு வருஷமாக மூடிக்கிடக்கும் மதகு. வாசலில் ஒரு காவல்காரன். அவனை முதல் கால் மணியில் வெட்டிவிட்டுச் சாவியை எடுப்பார்கள். மதகு திறக்கும், வெள்ளம் பாயும், கீழ்ச் சந்தை மூழ்கும், அடியில் புதைந்த நகரம் தெரியும். அந்தக் கடைசிக் காட்சியை எழுத எனக்கு நான்கு மாதம் ஆனது, அக்கா! படித்தால் உனக்கே மயிர்க்கூச்செறியும்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீ புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். எழுதியிருப்பதைத் தட்டினால் போதும்.

தம்பி


மார்ச் 9
வீட்டிலிருந்து

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வேலைக்குப் போனேன். பட்டறையில் இன்று இரண்டு மூக்குக்கண்ணாடிச் சில்லுகளை அளவு மாற்றித் தேய்த்துவிட்டேன். முதலாளி, "என்னம்மா, உனக்கே ஒரு கண்ணாடி போடணுமா?" என்றார். நான் சிரித்தேன். அவருக்கு என்ன தெரியும், நேற்று பதினான்கு பேர் என் விரல் நுனியில் நின்றார்கள் என்று!

மூன்று மணிக்கு எல்லாரும் மதகின் முன்னால் கூடிவிட்டார்கள். உன் காவல்காரனை நிறுத்தினேன். 'யாரங்கே?' என்றான். 'திரும்பிப் போங்கள்' என்றான். எல்லாம் நீ எழுதியபடி. மூன்று பேர் கத்தியை உருவினார்கள். அப்போது உப்புக்காரி முன்னால் வந்தாள். பதினோரு வருஷமாக ஆடுகிறவள், நம் தெருவில் இருந்தால் எல்லா வீட்டுச் சண்டைக்கும் பஞ்சாயத்து செய்வாளே, அந்த ரகம். அவள் தட்டியது இதுதான்:

'அண்ணே, சாப்பிட்டீங்களா?'

உன் ஒன்பது பக்கத்தையும் புரட்டுகிறேன். அவன் மிரட்டுவான், வெட்டுவான், சாவான். சாப்பிட்டானா என்று நீ எழுதவே இல்லையடா! எல்லாரும் காத்திருக்கிறார்கள்.  விரல் தானாகத் தட்டிவிட்டது.

'இல்லம்மா. மாத்து ஆள் வந்தாத்தான் நகர முடியும்.'

'எப்ப வருவாராம்?'

'சாயங்காலம் வந்துடுவார்னு சொன்னாங்க.'

'என்னைக்கு சாயங்காலம்?'

'ஆச்சு, பதினாறு வருஷம்.'

சத்தியமாக நான் யோசித்துத் தட்டவில்லை.   கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி திரை கொதித்தது! ஒருத்தர் கத்தியை உறையில் போட்டார். ஒருத்தர் தன் கம்பளியைக் கழற்றிக் கொடுத்தார். ஒருத்தர், 'அந்த மாற்று ஆள் பேர் என்ன? எந்த ஊர்?' என்று கேட்டார். ஐந்து நிமிஷத்தில் பதினான்கு பேரும் சாவியை மறந்துவிட்டார்கள். மாற்று ஆளைத் தேடிக் கோட்டை அலுவலகத்துக்குப் போகிறார்களாம். நான் அவர்கள் பின்னால் ஓடினேன். வழியில் படிக்கட்டு வேண்டும் என்றார்கள், கட்டினேன். நாய் வேண்டும் என்றார்கள், ஒரு நாயை விட்டேன்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "ஒரு படமும் இல்ல, எழுத்துதான் ஓடுது. அதைப் பாத்து எதுக்குடி இப்படிச் சிரிக்கிற?" என்றாள். "அம்மா, ஒருத்தர் பதினாறு வருஷமா வேலையை விட்டு நகரல" என்றேன். "உங்கப்பா மாதிரியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உன் வெள்ளம் கொஞ்சம் தள்ளிப்போகும். கோபப்படாதே.

அக்கா


மார்ச் 12
கப்பலிலிருந்து

அக்கா,

தலை சுற்றுகிறது. ஒரு வருஷம் மண்டையை உடைத்து எழுதினேன். நீ ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் குட்டையைக் குழப்பிவிட்டாய். தெரியாவிட்டால் 'ஆம்' என்று தட்டியிருக்கலாமே? சாப்பிட்டுவிட்டான், முடிந்தது, வெட்டு!

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. காவல்காரன் சாக வேண்டும். மின்னல் விழட்டும், பாம்பு கடிக்கட்டும், எனக்குக் கவலையில்லை. அவன் இடுப்பில் சாவி இருக்கிறது. சாவி இல்லாமல் வெள்ளம் இல்லை. வெள்ளம் இல்லாமல் புதைந்த நகரம் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. கதையை நடத்துகிறவர்தான் கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும். நாய் வேண்டும் என்றால் நாயா? நாளை யானை கேட்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை இதைச் சரி செய்.

தம்பி


மார்ச் 17
வீட்டிலிருந்து

தம்பிக்கு,

யானை கேட்கவில்லை. வருகைப் பதிவேடு கேட்டார்கள்.

சனிக்கிழமை எத்தனை பேர் தெரியுமா? இருபத்தாறு! பதினான்கு பேர் வாய்ப்பேச்சாகப் பரப்பியிருக்கிறார்கள். 'மதகுக் காவலருக்கு மாற்று ஆள் தேடுகிறோம், வருகிறீர்களா' என்று சந்தையில் கூவியிருக்கிறார்கள். பாதியில் ஆட்டத்தை விட்டுப் போன ஒருவர் மூன்று வருஷம் கழித்து இதற்காகத் திரும்பி வந்தாராம்.

கோட்டை அலுவலகத்தில் தூசி தட்டித் தட்டிப் பதிவேடுகளைப் பிரித்தார்கள். நான் அறையைக் கட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்; எதைத் தேட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஒரு பெண் மட்டும், 'விடுப்புக் கடிதங்களைப் பாருங்க, உத்தரவுல உண்மை இருக்காது' என்றாள். எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறாளோ! அங்கேதான் கிடைத்தது. காவலர் எழுதிய நூற்றுத் தொண்ணூற்றிரண்டு விண்ணப்பங்கள். மாதத்துக்கு ஒன்று. அத்தனைக்கும் கீழே 'பரிசீலனையில்' என்று ஒரே கையெழுத்து. அந்த எண்ணை ஒருவர் பெருக்கிச் சரிபார்த்து, 'பதினாறு வருஷம் சரியா வருது' என்று தட்டியபோது நானும் ஒரு தடவை பெருக்கிப் பார்த்தேன்.

அவரை நான் கொல்ல மாட்டேன். உன் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் மாட்டேன்.

இன்னொன்று. 'தராசு' என்ற பெயரில் ஆடுகிறவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். 'போன தடவை மாதிரி ஆகாமல் நடத்துகிறீர்கள், சந்தோஷம்' என்று. எது போன தடவை என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஒரு பயணம் நடத்தினாயாமே. அவர்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் பூட்டியிருந்ததாம். எந்த வழியில் போனாலும் நீ எழுதி வைத்த பாலத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினாயாம். தராசையும் சேர்த்து எட்டுப் பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்களாம். அதோடுதான் மூவர் அனுமதியை நிறுத்தினார்களாம்.

'இன்னொரு வாய்ப்பு' என்று நீ எழுதியதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?

அக்கா


மார்ச் 19
கப்பலிலிருந்து

தராசு சொன்னதை நம்புகிறாய். சரி. அது என் பயணம், என் பெயரில் அனுமதி வாங்கியது. என் திட்டப்படி நடக்காத பயணம் எனக்கு வேண்டாம். நிறுத்தச் சொல்லி மூவருக்கும் எழுதிவிட்டேன்.

தம்பி


மார்ச் 23
வீட்டிலிருந்து

நிறுத்திவிட்டார்கள். உனக்குத் திருப்தியா?

நேற்று மூன்று மணிக்கு முப்பது பேருக்கு மேல் மதகின் முன்னால் வந்து நின்றார்கள். 'அனுமதி பெற்றவர் கேட்டுக்கொண்டதால் பயணம் நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று மேலே ஒரு வரி ஓடியது.  உப்புக்காரி, 'அப்ப காவல்காரரு?' என்று கேட்டாள்.  நான் நடத்துபவர் இடத்தில் இல்லை, அதனால் காவல்காரரால் பேச முடியவில்லை. மதகுக்கு முன்னால் வெறும் பொம்மை மாதிரி நின்றார்.

ஒருவரும் வெளியே போகவில்லை, தெரியுமா? ஐந்து மணி வரைக்கும் சும்மாவே நின்றார்கள்.

நீ சின்ன வயதில் என்னோடு ஆடும்போதும் இப்படித்தான். பள்ளிக்கூட விளையாட்டு என்றால் நீதான் வாத்தியார், நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் நீயே சொல்லிக்கொடுப்பாய். அப்போது உனக்கு ஆறு வயது. பொறுத்துக்கொண்டேன். உனக்கு இப்போது முப்பத்தொன்று.

மூவரும் ஏப்ரல் பத்தாம் தேதி வரை பார்ப்பார்களாம். அதற்குள் நீ மனம் மாறாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். ஆட்டக்காரர் நடத்தும் பயணம் என்ற பேச்சே அதற்குப் பிறகு இருக்காது. உன்னைக் கெஞ்சப் போவதில்லை.

அக்கா


ஏப்ரல் 4
கப்பலிலிருந்து

அக்கா,

பன்னிரண்டு நாளாக உன் கடிதத்தை அச்செடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைந்தேன். எண்ணெய்க் கறை படிந்து பாதி எழுத்து மறைந்துவிட்டது. மறையாத பாதியே போதுமானதாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கப்பல் மூன்று வாரமாகத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. உள்ளே இடம் இல்லையாம். இன்ஜினுக்கு வேலை இல்லை. சாப்பாட்டு மேசையில் பேசவும் ஒன்றும் இல்லை. சமையல்காரர்தான் கேட்டார்: "கேப்டன் ரூம்ல உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டே எழுதறியே, யாருக்கு?"

எல்லாரையும் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துச் சொன்னேன். என் அருமையான திட்டத்தைச் சொன்னேன், பிறகு நீ எப்படிக் கெடுத்தாய் என்று சொன்னேன். 'ஆச்சு, பதினாறு வருஷம்' என்று நீட்டி முழக்கிச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

மேசையின் கோடியில் போசன் உட்கார்ந்திருந்தார். மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர். கயிறு, நங்கூரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஏறியவர், இது அவருக்குப் பதினான்காவது மாதம். மாற்று ஆள் வருகிறார் என்று மூன்று துறைமுகத்தில் சொன்னார்கள், மூன்றிலும் வரவில்லை. அவர் சாப்பிடும்போது பேசி நான் கேட்டதே இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்:

"வராததுக்கு என்ன காரணம் சொன்னாங்களாம்?"

"பரிசீலனையில்னு எழுதியிருந்துச்சாம்" என்றேன்.

"ம். அதேதான்" என்றார்.

அதன் பிறகு என்னை விடவில்லை அக்கா! அந்த நாய் என்ன ஆனது, விண்ணப்பத்தில் கையெழுத்து போட்டது யார், அந்த ஆளைப் பிடித்தார்களா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிறுத்திவிட்டேன் என்றேன். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "நிறுத்திட்டியா? யாரைக் கேட்டு?"

"என் கதைங்க அது."

"அந்த ஆளு நிக்கறான்பா அங்க" என்றார்.

 தராசு சொன்னது நிஜம். எட்டுப் பேர் போனது என்னால்தான். அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறும் வரி திரையில் ஓட ஓட, நான் மீதிப் பேரைப் பாலத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தேன். என் கடைசிக் காட்சி அவ்வளவு அழகு என்று நினைத்தேன். அதை யாருமே பார்க்கவில்லை. நான்கு பேர் பார்த்தார்கள், அதில் ஒருவர் தூங்கிவிட்டார். வெட்கத்தில்தான் உன்னிடம் சொல்லவில்லை.

மூவருக்கும் எழுதிவிட்டேன். பயணம் இனி உன் பெயரில். திட்டம் ஒன்பது பக்கமும் ரத்து. தராசுக்கும் மற்ற ஏழு பேருக்கும் தனித்தனியாக மன்னிப்பு எழுதி இதோடு வைத்திருக்கிறேன், சேர்த்துவிடு.

சீக்கிரம் எழுது. இங்கே என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

தம்பி


ஏப்ரல் 8
வீட்டிலிருந்து

அடேய்,

உன் கடிதம் வந்தபோது பட்டறையில் இருந்தேன். சத்தம் போட்டுக் கத்திவிட்டேன். யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்து முதலாளி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். நான் மறுக்கவில்லை.

மூவரும் சம்மதித்துவிட்டார்கள். வேலை நாள் என்றுகூடப் பாராமல் நேற்று மாலையே ஒரு அமர்வு நடத்தினோம். எல்லாரும் விடுப்பு போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். பரிசீலனைக் கையெழுத்து போட்ட எழுத்தரைப் படகுத்துறையில் பிடித்தார்கள். அவர் சொன்னார்: மாற்று ஆளுக்கு உத்தரவு போனது உண்மை. அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் உண்மை. ஆனால் மதகுக்கு வந்து சேரவில்லை. வழியில் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கும் தெரியாது! நான் எழுதி வைக்கவில்லை. சனிக்கிழமை அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த மாற்று ஆள் நிஜமாகவே கிடைத்து, எதிரில் வந்து நின்றால், காவலர் என்ன சொல்வார்? அவர் வாய் என் விரலில்தானே இருக்கிறது. திட்டுவாரா? அடிப்பாரா? அழுவாரா? நான் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்றாலே ஊரைக் கூட்டுகிறவள். பதினாறு வருஷம் நின்றவர் மனசு எனக்கு எட்டவில்லை. உங்கள் போசனைக் கேட்டுச் சொல்வாயா? அவருக்கு வருத்தமாக இருக்கும் என்றால் கேட்க வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 11
கப்பலிலிருந்து

அக்கா,

கேட்டேன்.  "யோசிக்கணும்" என்று எழுந்து மேல்தளத்துக்குப் போனவர், மறுநாள் காலையில் இன்ஜின் அறைக்கே இறங்கி வந்தார். போசன் கீழே வந்து நான் பார்த்ததே இல்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் என் காதோடு வாயை வைத்துச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்:

"திட்ட மாட்டான். முதல்ல நம்ப மாட்டான், பேப்பரைக் காட்டும்பான். அப்புறம் எல்லாத்தையும் காட்டிக்குடுப்பான். எந்தக் கீல் சத்தம் போடும், மழை எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கும், எங்க காலை வெச்சா வழுக்கும்னு. ஒண்ணு விடாம. அவன் நின்ன இடம்ல அது? கோவமெல்லாம் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்துனப்புறம்தான் வரும்."

சொல்லிவிட்டு நான்கு படி ஏறியவர் திரும்பி வந்தார். "போறப்ப ஒரு தடவை திரும்பிப் பாப்பான். அதையும் எழுதச் சொல்லு."

சமையல்காரர் தன் பங்குக்கு ஒரு கூடை சாப்பாடு அனுப்புகிறார். அதைக் கொடுக்க ஓர் ஆளை நீ உருவாக்கித்தான் தீர வேண்டுமாம். இரண்டாம் இன்ஜினியர் எழுத்தரைக் கட்டி வைத்து உதைக்கச் சொல்கிறார். அதை நீ கேட்க வேண்டியதில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தாயா? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 14
வீட்டிலிருந்து

தம்பிக்கு,

முதலில் எண்ணிக்கை. நாற்பத்தொன்று! மூவரும் வந்திருந்தார்கள், ஓரமாக, பேசாமல். தராசு தன்னோடு வெளியேறியவர்களில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "படிச்சுக் காட்டுடி, கண்ணு தெரியல" என்றாள். கண்ணாடிப் பட்டறைக்காரியின் அம்மா!

எழுத்தர் சொன்ன வழியை வைத்துக்கொண்டு கூட்டமாக நடந்தார்கள். சத்திரம், படகுத்துறை, சுடுகாடு எல்லாம் தேடினார்கள். மாற்று ஆள் செத்துவிட்டான் என்று பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். சரி, நாமே முறை போட்டு நிற்போம் என்று பட்டியல் எழுதவும் ஆரம்பித்துவிட்டார்கள். நானும் கதை அப்படித்தான் முடியப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது 'உளி' பேசினார்.

உளியை உனக்குத் தெரியும். கல்தச்சர். நான்கு வருஷமாகச் சந்தை மூலையில் கல் கொத்திக்கொண்டிருப்பவர். 'ம்', 'சரி', இதற்கு மேல் அவர் தட்டி யாரும் பார்த்ததில்லை. அவர் ஆள் எந்த ஊர், என்ன கதை என்று யாருக்கும் தெரியாது. அவர் தட்டினார்:

'தேட வேண்டாம். அந்த மாத்து ஆள் நான்தான்.'

டேய்! நான் எழுதவில்லை. யாரும் எழுதவில்லை. அவரே, அந்த நிமிஷத்தில், தன் ஆளுக்கு ஒரு பழைய வாழ்க்கையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதுவும் குற்றவாளியின் வாழ்க்கை.

'கிளம்பி வந்தேன். மதகைத் தூரத்துலேர்ந்து பாத்தேன். அவர் தனியா நின்னுட்டிருந்தாரு. ஒரு நாள்தானே, நாளைக்கு வரலாம்னு சந்தைக்குப் போயிட்டேன். மறுநாள் வெட்கமா இருந்துச்சு. அப்புறம் நாளாக ஆக, போகவே முடியல.'

அம்மா, "அடப்பாவி" என்றாள்.

சிலர் பாய்ந்தார்கள். 'கட்டிப் போடுங்க அவனை' என்று ஒரு வரி. உப்புக்காரி குறுக்கே நின்று, 'காவல்காரர் முடிவு பண்ணட்டும்' என்றாள். நாற்பது பேர் உளியை நடத்திக்கொண்டு மதகுக்கு வந்தார்கள்.  எல்லாரும் என் விரலைப் பார்க்கிறார்கள்.

உங்கள் போசன் மட்டும் இல்லையென்றால் நான் காவலரை அழவிட்டிருப்பேன்.

'உத்தரவைக் காட்டுப்பா' என்று தட்டினேன். உளி மூட்டையிலிருந்து மடிந்துபோன காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். காவலர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, 'வா' என்றார். 'இந்தக் கீல் குளிர்காலத்துல சத்தம் போடும். பயந்துடாத. மழை மேற்கேர்ந்து அடிக்கும், அந்தச் சுவர்ப் பக்கம் ஒதுங்கிக்க. மூணாவது படியில பாசி, காலை வெக்காத.' ஒவ்வொரு வரியாகத் தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் உளி, 'சரிங்க' என்றார். நாற்பத்தொரு பேர் இருக்கும் இடத்தில் இவர்கள் இரண்டு பேர் வரியும்தான் ஓடியது. பதினோராவது 'சரிங்க'வுக்குப் பிறகு உளி, 'மன்னிச்சிடுங்க' என்று தட்டினார். காவலர் சாவியை அவிழ்த்து அவர் கையில் வைத்தார். 'அதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்' என்றார்.

சமையல்காரரின் கூடையை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். காவலர் வாங்கிக்கொண்டு நடந்தார். பாதையின் கோடியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

திரையில் ஒரே கூச்சல்! அழுகிறார்கள், கை தட்டுகிறார்கள், அந்த நாய் அவர் பின்னாலேயே போகிறது என்று யாரோ தட்டிவிட்டார்கள். தட்டியது நடந்தது, போய்விட்டது. மதகை என்ன செய்வது என்று உளி கேட்டார். கூட்டம் அரை மணி நேரம் சண்டை போட்டது. கடைசியில் ஒரு சாண் மட்டும் திறந்தார்கள். கீழ்ச் சந்தை மூழ்கவில்லை. நூறு வருஷத்தில் முதல் தடவையாக அதன் வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது.

மூவரில் ஒருவர் கடைசியில் ஒரே ஒரு வரி தட்டினார்: 'இனி மாதம் ஒரு பயணம், ஆட்டக்காரர் நடத்தலாம்.' அடுத்ததற்குத் தராசு பெயர் கொடுத்துவிட்டார். உன் மன்னிப்புக் கடிதம் அவருக்குப் பிடித்திருந்ததாம். 'பாலம் இருக்காது என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்' என்றார்.

அக்கா


மே 3
கப்பலிலிருந்து

அக்கா,

உன் கடிதத்தை மேசையில் நான்கு தடவை வாசித்தேன். 'அந்த மாத்து ஆள் நான்தான்' என்ற இடத்தில் சமையல்காரர் மேசையைக் குத்தியதில் இரண்டு தட்டு உடைந்தது.  போசன் கடிதத்தை வாங்கி, தானே ஒரு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது பெரிய செய்தி. போன செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக்குள் வந்தோம். படகில் புதிய போசன் வந்து இறங்கினார்! நிஜமான ஆள், பெட்டியோடு! நாங்கள் போட்ட கூச்சலில் கேப்டன் வெளியே ஓடிவந்தார். எங்கள் போசன் அவரிடம் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு கப்பல் முழுக்கக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கயிறாகக் காட்டினார். கீழே படகுக்காரர், "நேரமாச்சு, நேரமாச்சு" என்று கத்துகிறார். இவர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

இறங்கும்போது என்னிடம், "அந்த ஆட்டத்துக்குள்ள எப்படிப் போறது?" என்று கேட்டார். ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருவாரா என்று தெரியவில்லை.

எனக்கு இன்னும் ஐந்து மாதம். தராசின் பயணத்தில் எனக்கும் ஏதாவது ஒரு வேஷம் கிடைக்குமா, கேட்டுப் பார். என் வரிகளைக் கடிதத்தில் அனுப்புகிறேன். தாமதமாகத்தான் வரும். மெதுவாகப் பேசுகிற ஆளாக இருந்தால் சரியாக இருக்கும்.

தம்பி


மே 9
வீட்டிலிருந்து

தம்பிக்கு,

தராசு சம்மதித்துவிட்டார். நீ ஆமைகளை மேய்ப்பவன். வாரத்துக்கு இரண்டு தடவை பேசினால் போதும்.

இதை முதலில் படி. நேற்று மாலை நான்கு மணிக்கு மதகின் முன்னால் ஒரு புது ஆள் வந்து நின்றார். ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'பதினாலு மாசம்'. பார்த்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உளிதான் காவலில் இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. 'வாங்க, காவலுக்கு வந்தீங்களா?' என்று கேட்டார்.

நீண்ட நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டியிருக்கிறார், பாதி எழுத்துப் பிழை.

'இல்ல. நிக்க மாட்டேன். இங்க உக்கார எடம் இருக்கா?'

மதகு வாசலின் விவரத்தை மேலிருந்து கீழ்வரை படித்தேன். கதவு இருக்கிறது, கீல் இருக்கிறது, பாசி பிடித்த படி இருக்கிறது. உட்கார ஒன்றுமே இல்லை. அந்த இடத்தைக் கட்டியவர்களும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவசர அவசரமாகத் தட்டினேன்: 'மேற்குச் சுவரை ஒட்டி, மழை படாத பக்கத்தில், ஒரு கல் பெஞ்சு இருக்கிறது.'

'உக்காந்தாச்சு' என்றார்.

உப்புக்காரி வந்தாள், தராசு வந்தார், சந்தையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள்.   அப்புறம் அவர் பெயரிலேயே ஒரு வரி ஓடியது, இந்தத் தடவை பிழையே இல்லாமல், வேகமாக.

'அப்பா பக்கத்தில் நானும் இருக்கிறேன். எனக்கும் இடம் போடுங்கள்.'

பெஞ்சை நீளமாக்கிவிட்டேன்.

அக்கா